அயல்மீனும் நாட்டு மீனும்: ஒரே நீர்நிலையில் ஒட்டுண்ணிகளை ஒப்பிட்டு ஆராய்வதற்கான முழுமையான வழிகாட்டி

ஓர் ஏரியிலோ ஆற்றிலோ அயல்மீன் புகுந்து பெருகிவிட்டால், நாட்டு மீன் ஏன் குறைகிறது என்று தேடுபவர்கள் இரைப் போட்டியையும் இடப் போட்டியையும்தான் முதலில் பார்ப்பார்கள். செவுளையும் குடலையும் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அப்படிப் பார்ப்பவர்களிலும் பலர் ஒரு பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள்: இந்த மீனில் இத்தனை புழு, அந்த மீனில் இத்தனை புழு. இந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மீன் எந்த மீனுக்குத் தொற்றைக் கொடுக்கிறது என்று சொல்ல முடியாது. புழு அந்த மீனுக்குள் வளர்ந்து முட்டையிடுகிறதா, பாதி வளர்ச்சியில் நின்று சாகிறதா என்பதையும் குறித்திருந்தால் சொல்லலாம். கீழே வரும் வேலைகள் எல்லாம் அந்தக் குறிப்பைக் கெடாமல் எடுப்பதற்காகத்தான்.

நடக்கக்கூடியவை நான்கு

முதலாவது, அயல்மீன் தன் பழைய ஒட்டுண்ணிகளை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது. மீன், நத்தை, நண்டு, பறவை எனப் பல வகை உயிரினங்களில் 26 இனங்களை ஒப்பிட்ட 2003-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், சொந்த இடத்தில் ஓர் இனத்துக்குச் சராசரியாக 16 ஒட்டுண்ணி இனங்கள் இருந்தன. புதிய இடத்துக்கு அவற்றில் 3 மட்டுமே கூட வந்தன. அங்கே புதிதாக 4 ஏறிக்கொண்டன. எப்படிக் கூட்டினாலும் பாதிச் சுமைதான்.

இரண்டாவது, கூட வந்த அந்த மூன்றில் ஒன்று நாட்டு மீனுக்கு வழிந்து பரவுவது. இதற்கு விலாங்கைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஆங்குயில்லிகோலா கிராசஸ் என்ற உருளைப்புழு ஜப்பானிய விலாங்கின் காற்றுப்பையில் வாழ்வது. 1980-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது. ஜப்பானிய விலாங்கின் உடல் இதன் இளம்புழுக்களில் பலவற்றை உறைபோட்டுக் கொன்றுவிடும். ஐரோப்பிய விலாங்குக்கு அந்தப் பழக்கமில்லை. அதனால் அங்கே புழு பெரிதாக வளர்கிறது, இரத்தம் குடிக்கிறது, காற்றுப்பையின் சுவர் தடித்துப்போகிறது. நார்வேயில் இதுவே கைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்ற தோல் தட்டைப்புழுவால் நடந்தது. 1970-களில் பால்டிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்த சால்மன் குஞ்சுகளோடு அது வந்தது. பால்டிக் சால்மன் அதைத் தாங்கும், நார்வே ஆறுகளின் சால்மன் தாங்கவில்லை. ஏறக்குறைய 50 ஆறுகளுக்குப் பரவி, பல ஆறுகளில் ரோட்டினோன் ஊற்றி மீன்களை மொத்தமாகக் கொன்றுதான் புழுவை ஒழிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, திரும்பி வழிதல். நாட்டு ஒட்டுண்ணி ஒன்று அயல்மீனில் ஏறி, அங்கே நன்றாகப் பெருகி, மறுபடி நாட்டு மீன்மேல் கூடுதலாகப் பாய்வது. நான்காவது, நீர்த்துப்போதல். அதே நாட்டு ஒட்டுண்ணி அயல்மீனுக்குள் போகிறது, ஆனால் முட்டையிடும் நிலைக்கு வருவதில்லை. அங்கே போன ஒவ்வொரு இளம்புழுவும் நாட்டு மீனுக்கு ஒன்று குறைவு.

மூன்றாவதும் நான்காவதும் தொற்று விகிதத்தில் அச்சாக ஒரே மாதிரி தெரியும். ஒன்று நாட்டு மீனுக்குக் கேடு, மற்றது அதற்கு உதவி. பிரித்துக் காட்டுவது புழுவின் பருவம் மட்டுமே.

படி 1: எத்தனை மீன், எந்த மீன்

மாதிரியின் அளவை வலை போடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஓர் ஒட்டுண்ணி நூற்றில் 10 மீனில் இருந்தால், அதை ஒரு மீனிலாவது பார்த்துவிடுவோம் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல 29 மீன் தேவை. நூற்றில் 5 என்றால் 59 மீன். நூற்றில் 2 என்றால் 149. தொற்றுள்ள மீனைக் கையில் எடுத்தும் புழுவைத் தவறவிடக்கூடும் என்பதை இந்தக் கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே இவை குறைந்தபட்ச எண்கள். இனத்துக்கு 30 மீன் என்பது நடைமுறையில் நல்ல தொடக்கம்.

எண்ணிக்கையைவிட அதிகம் கெடுப்பது பொருத்தமின்மை. வயதான மீன் அதிக காலம் தின்றிருக்கும், அதிகப் புழு சேர்த்திருக்கும். 25 செ.மீ. நாட்டு மீனையும் 8 செ.மீ. அயல்மீனையும் ஒப்பிட்டு அயல்மீனில் ஒட்டுண்ணி குறைவு என்று எழுதினால் அது மீனின் அளவைப் பற்றிய முடிவு, வேறொன்றுமில்லை. நான்கையும் பொருத்துங்கள்: ஒரே இடம், ஒரே வாரம், ஒத்த நீளம், ஒத்த உணவுப் பழக்கம். நான்காவது எப்போதும் அமையாது. பாசி மேயும் அயல்மீனுக்கு இணையாகப் பூச்சி தின்னும் நாட்டு மீன் மட்டுமே கிடைத்தால், உணவு வழி வரும் குடற்புழுக்களை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, செவுள், தோல் ஒட்டுண்ணிகளை மட்டும் ஒப்பிடுவது நேர்மையான வேலை.

பருவமும் முக்கியம். ஒட்டுண்ணிகளும் அவற்றைச் சுமக்கும் கோபிபாட் போன்ற நுண் ஓடுடலிகளும் நீரின் வெப்பநிலைக்கு ஏற்பக் கூடிக் குறையும். ஒரே ஒரு முறை மட்டும் எடுக்க முடியுமென்றால், நீர் வெதுவெதுப்பாக இருக்கும் காலத்தில் எடுங்கள்.

படி 2: பிடிப்பதும் கொண்டுவருவதும்

மாதிரி எடுக்கவும், விலங்குகளைக் கையாளவும், ஆக்கிரமிப்பு மீனை உயிரோடு எடுத்துச் செல்லவும் அந்தந்த இடத்தின் அனுமதி விதிகளைப் பாருங்கள். அயல்மீனை உயிரோடு நகர்த்துவதே பல நாடுகளில் குற்றம். அப்படியானால் மேசையை கரைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

இரண்டு இனங்களையும் ஒரே வாளியில் போடவே கூடாது. கைரோடாக்டைலஸ் ஒரு மீனிலிருந்து இன்னொரு மீனுக்கு உரசலிலேயே மாறும். மீன்பேன் நீந்தி மாறும். வாளியில் நடந்த இடமாற்றத்தை ஆற்றில் நடந்த பரவலாக எழுதி வைத்த குறிப்புகள் உண்டு. முடிந்தால் மீனுக்கு ஒரு பை: மூன்றில் ஒரு பங்கு அதே இடத்து நீர், மீதி காற்று, நிழல். மீனை எடுத்த பிறகு பையின் நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதை நுண்சல்லடையில் வடித்து, தங்கியதை உருப்பெருக்கியில் பாருங்கள். உதிர்ந்த மீன்பேன் அங்கேதான் இருக்கும்.

பிடித்த 24 மணி நேரத்துக்குள் அறுக்கப் பாருங்கள். மீன் செத்த சில மணி நேரத்தில் டிரைகோடைனா போன்ற ஒற்றைச்செல் உயிரிகள் இறங்கிப் போய்விடும், செவுள் தட்டைப்புழுக்கள் சிதையத் தொடங்கும். உறையவைத்த மீனில் உருளைப்புழு, முள்தலைப்புழு, தட்டைப்புழுவின் கொக்கிகள் தப்பும். ஒற்றைச்செல் உயிரிகள் தப்பாது. ஒரு இனத்தைப் புதிதாகவும் மற்றதை உறையவைத்தும் பார்ப்பது ஒப்பீட்டையே பாழாக்கும். கட்டாயமென்றால் இரண்டையும் உறையவையுங்கள்.

வலை, காலணி, வாளி எல்லாவற்றையும் கழுவி, வெந்நீரில் ஊறவைத்து, அடுத்த நீர்நிலைக்குப் போகுமுன் முழுவதும் உலர்த்துங்கள். ஈர வலையின் மடிப்பு ஒட்டுண்ணிக்கு நல்ல வாகனம்.

படி 3: மேசை

தேவையானவை இவை. 10 முதல் 40 மடங்கு காட்டும் இருகண் உருப்பெருக்கி, 100 முதல் 1000 மடங்கு காட்டும் கூட்டு நுண்ணோக்கி, மெல்லிய இடுக்கி இரண்டு, ஒரு முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோல், பூச்சி ஊசி செருகிய குச்சி, பெட்ரி தட்டுகள் நிறைய, கண்ணாடித் தகடு, மூடு கண்ணாடி, அழுத்திப் பார்க்க இரண்டு தடித்த கண்ணாடிப் பலகைகள்.

உப்புக்கரைசல் நன்னீர் மீனுக்கு 0.7 சதவீதம், அதாவது 1 லிட்டர் நீருக்கு 7 கிராம் உப்பு. அயோடின் சேராத உப்பு. உள்ளுறுப்புகளை வெறும் நீரில் போட்டால் புழுக்கள் நீரை இழுத்து வீங்கி வெடிக்கும். நாடாப்புழுவின் தலை அடையாளம் தெரியாமல் போகும்.

ஃபார்மலினில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு, அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கடையில் வரும் அடர் ஃபார்மலினில் சுமார் 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அதில் 1 பங்குக்கு 9 பங்கு நீர் சேர்த்தால் வருவது 10 சதவீத ஃபார்மலின். அதுவே 4 சதவீத ஃபார்மால்டிஹைடு. இரண்டு பெயரையும் கலந்து 4 சதவீத ஃபார்மலின் செய்து வைத்தவர்களின் புழுக்கள் பாதி பதத்தில் கெட்டுப்போகும். ஃபார்மலினில் போட்டதில் டிஎன்ஏ எடுப்பது கடினம் என்பதால் 96 சதவீத எத்தனாலும் தனியாக வேண்டும்.

பழக்கமில்லாதவர் 10 செ.மீ. மீன் ஒன்றை முழுமையாகப் பார்க்க இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஒருவர் ஒரு நாளைக்கு ஆறேழு மீனுக்கு மேல் திட்டமிட வேண்டாம். அறுக்கும் வரிசை அயல், நாட்டு, அயல், நாட்டு என்று மாறி மாறி வரட்டும். காலையில் எல்லா நாட்டு மீனையும் முடித்துவிட்டு, கண் சோர்ந்த மாலையில் அயல்மீனை எடுத்தால், அயல்மீனில் ஒட்டுண்ணி குறைவு என்ற முடிவு தானாகவே வந்துவிடும்.

படி 4: வெளிப்புறம்

மீனைக் கொல்லச் சோடியம் பைகார்பனேட்டால் சமன்செய்த எம்எஸ்-222 என்ற மயக்க மருந்துக் கரைசல், 1 லிட்டருக்கு 250 மி.கி., குறைந்தது 10 நிமிடம். செவுள் மூடி அசைவது நின்ற பிறகும் சிறிது நேரம் விடுங்கள். மயக்க மருந்து தோல் ஒட்டுண்ணிகளைக் கழற்றிவிடக்கூடும். ஆகவே அந்தக் கரைசலின் அடியில் படிந்ததையும் பாருங்கள். தோல் புழுக்கள்தான் கேள்வி என்றால், பயிற்சி பெற்றவர் தலையில் தட்டி மூளையைச் சிதைப்பது தூய்மையான வழி.

நீளம், எடை எழுதுங்கள். முதலில் வெறும் கண்ணால்: நங்கூரப் புழு, மீன்பேன், கரும்புள்ளி, வெண்புள்ளி, ஆசனவாயில் சிவப்பு நூல் போலத் தொங்கும் உருளைப்புழு. கடைசியாகச் சொன்னது கமல்லானஸ் கோட்டி. கப்பி போன்ற சிறுமீன்களோடு ஹவாய்த் தீவுகளுக்குப் போய் அங்குள்ள நாட்டு மீன்களிலும் ஏறிக்கொண்ட புழு.

பிறகு வழவழப்பைச் சுரண்டுங்கள். மூடு கண்ணாடியின் விளிம்பால் தலையிலிருந்து வால் பக்கமாக, பக்கவாட்டில் ஒரு முறை, துடுப்பின் அடியில் ஒரு முறை. ஒரு துளி நீரில் பரப்பி 100 மடங்கில் பாருங்கள். மெதுவாக உருளும் பெரிய உருண்டையில் குதிரைலாட வடிவ உட்கரு தெரிந்தால் வெண்புள்ளி நோயின் இக்தியோப்தீரியஸ். தட்டுப் போலச் சுழன்று, நடுவில் பற்சக்கரம் போன்ற வளையம் தெரிந்தால் டிரைகோடைனா. துடுப்புகளை வெட்டி நீரில் விரித்து ஓரம் ஓரமாகப் பாருங்கள். கைரோடாக்டைலஸ் அங்கே நின்று கையசைப்பதுபோல ஆடும்.

படி 5: செவுள்

அயல்மீன் கூடவே கொண்டுவரும் ஒட்டுண்ணியில் பெரும்பங்கு செவுளில்தான் இருக்கும். காரணம் எளிது. செவுள் தட்டைப்புழுவுக்கு நத்தையோ கோபிபாடோ பறவையோ வேண்டாம். மீனிலிருந்து மீனுக்கு நேராகப் போகும். மீன் போய்ச் சேர்ந்தால் அதுவும் சேர்ந்தது. இடைநிலை ஓம்புயிர், அதாவது இளம் பருவத்தைக் கழிக்க வேறோர் உயிரினம், தேவைப்படும் புழுவுக்குப் புதிய இடத்தில் அந்த நத்தை இல்லையென்றால் சங்கிலி அறுந்துவிடும்.

செவுள் மூடியை வெட்டி, வளைவுகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் நறுக்கி எடுங்கள். இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு, எட்டும் எட்டுத் தட்டில், தட்டில் பெயர் எழுதி. எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவித்தால் எண்ணிக்கை கையைவிட்டுப் போகும். 20 மடங்கில் இழைகளை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். இழை அசையாது, புழு சுருங்கி நீளும். அசைவுதான் உங்கள் கண்ணைப் பிடிக்கும். அதனால்தான் புதிய மீன் வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

பிடித்த புழுவை ஒரு துளி நீரில் வைத்து மூடு கண்ணாடி போட்டு, வடிதாளால் ஓரத்திலிருந்து நீரை உறிஞ்சுங்கள். கண்ணாடி இறங்க இறங்கப் புழு தட்டையாகி, பின்புறக் கொக்கிகள் விரிந்து தெரியும். அந்த நொடியில் நிறுத்துங்கள். இன்னும் உறிஞ்சினால் நசுங்கிவிடும். இப்போது எண்ணுங்கள். தலைப்பக்கம் நான்கு கரும்புள்ளிக் கண்கள், பின்னால் ஒரு ஜோடிப் பெரிய கொக்கி, சுற்றிலும் 14 சிறு கொக்கிகள் என்றால் டாக்டைலோகைரஸ். இது முட்டையிடும். கண் இல்லை, சிறு கொக்கி 16, வயிற்றுக்குள் இன்னொரு புழுவின் கொக்கிகள் தெரிகின்றன என்றால் கைரோடாக்டைலஸ். இது குட்டி போடும். உள்ளே இருக்கும் குட்டிக்குள்ளும் ஒரு குட்டி வளர்ந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு புழு வந்து சேர்ந்தால் போதும், ஒரு கூட்டமே உருவாகிவிடும்.

திலேப்பியாவில் பெரிய கொக்கி இரண்டு ஜோடி உள்ள சிக்லிடோகைரஸ் வரும். ஆப்பிரிக்காவின் இந்தப் புழு திலேப்பியாவோடு உலகம் சுற்றியது. மெக்சிகோவிலும் மடகாஸ்கரிலும் நாட்டுச் சிக்லிட் மீன்களின் செவுளில் அகப்பட்டது. அதன் உறவுக்காரன் என்டரோகைரஸ் இரைப்பையில் வாழ்வது. தட்டைப்புழு என்றால் செவுள் என்று பழகியவர்கள் இதைத் தவறவிடுவது வழக்கம். திலேப்பியாவின் இரைப்பைச் சுவரைக் கட்டாயம் திறந்து பாருங்கள்.

நங்கூரப் புழுவின் இளம் பருவமும் செவுளில்தான் இருக்கும். உடலில் தொங்கும் பெண்புழுவை மட்டும் தேடிவிட்டுத் தொற்று இல்லை என்று எழுதுவது பொதுவான பிழை.

மீன் அதிகம், நேரம் குறைவு என்றால் மாற்று வழி: செவுள்களைச் சிறு புட்டியில் போட்டு, 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். புழுக்கள் தளர்ந்து நீண்ட நிலையில் சாகும். அதன்பின் எத்தனால் சேர்த்து வைத்துவிட்டு, பின்னொரு நாள் அடியில் படிந்ததை எண்ணலாம்.

படி 6: கண்

கண்ணைப் பிடுங்கி, தனித்தட்டில் உப்புக்கரைசலில் கிழித்து, வில்லையையும் கண்ணாடித் திரவத்தையும் பிரியுங்கள். வில்லையை மூடு கண்ணாடியால் மெல்ல அழுத்தினால் டிப்ளோஸ்டோமம் என்ற தட்டைப்புழுவின் இளம்புழுக்கள் நெளிந்து தெரியும். வலக்கண், இடக்கண் தனித்தனியாக எழுதுங்கள். இந்தப் புழு மீனில் முதிர்வதே இல்லை. நத்தையிலிருந்து வந்து, மீனில் காத்திருந்து, மீனைத் தின்னும் பறவையில் முட்டையிடும். ஆகவே மீனில் முட்டை இல்லையே என்று இதை நீர்த்துப்போதல் கணக்கில் சேர்க்கக்கூடாது. இங்கே கேள்வி வேறு: பறவை அந்த அயல்மீனைத் தின்கிறதா? தின்றால், அயல்மீன் தொற்றைக் கடத்துகிறது.

படி 7: உள்ளே

ஆசனவாயிலிருந்து செவுளடி வரை மழுங்கிய முனை உள்ளே இருக்க வெட்டுங்கள். உறுப்புகளைத் தொடுமுன் வயிற்றுக் குழியைப் பாருங்கள். வெள்ளை நாடா போலச் சுருண்டு குழி முழுவதும் கிடந்தால் லிகுலா. பறவையில் முதிரும் நாடாப்புழு, மீனின் இனப்பெருக்க உறுப்பை வளரவிடாது. அதையே குடல் கிழிந்து வெளியே வந்த குடற்புழு என்று எண்ணிவிடுவதும் உண்டு, அதனால்தான் குடலை வெட்டுமுன் பார்க்கச் சொல்கிறோம்.

காற்றுப்பை, பித்தப்பை, கல்லீரல், சிறுநீரகம், இனப்பெருக்க உறுப்பு ஒவ்வொன்றும் தனித்தட்டு. சிறுநீரகத்திலிருந்து அரிசியளவு துண்டு ஒன்றை முதலில் சுத்தமான கத்தியால் வெட்டித் தனிப்புட்டி எத்தனாலில் போடுங்கள், படி 10-இல் தேவைப்படும். பிறகு கல்லீரலையும் சிறுநீரகத்தையும் இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவே அழுத்தி, வெளிச்சம் கீழிருந்து வரப் பாருங்கள். பித்தநீரில் ஒரு துளியும் சிறுநீரகத்தில் ஒரு துண்டும் 400 மடங்கில், மிக்சோசோவன் என்ற நுண் ஒட்டுண்ணிகளின் வித்துகளுக்காக.

குடலை நீளவாக்கில் உப்புக்கரைசலில் திறவுங்கள். நாடாப்புழுவைப் பிடித்து இழுத்தால் தலை குடற்சுவரில் நின்றுவிடும், தலையில்லாத நாடாவை யாராலும் பெயர் சொல்ல முடியாது. குடலோடு தட்டைக் குளிர்பெட்டியில் சில மணி நேரம் வையுங்கள், தானே விடும். அம்புமுனை போன்ற தலை, அதில் எதிரெதிராக இரண்டு ஆழ்ந்த பள்ளம் என்றால் ஆசிய மீன் நாடாப்புழு, ஷிசோகோட்டைலி அக்கைலோக்னாதி. புல்கெண்டையோடு கண்டம் கண்டமாகப் போன புழு இது. 300-க்கும் மேற்பட்ட மீன் இனங்களில் பதிவாகியிருக்கிறது. ஒரே இடைநிலை ஓம்புயிர், அதுவும் எங்கும் கிடைக்கும் கோபிபாட். இவ்வளவு தாராளமான புழு வேறு எங்கும் வேரூன்றாமல் இருந்தால்தான் வியப்பு.

தசைக்குத் தோலை உரித்து, மெல்லிய துண்டுகளாக்கி அழுத்திப் பாருங்கள். சிறுமீன்கள் நிறைய இருந்தால் செரிமான முறை வேகமானது: 1 லிட்டர் உப்புக்கரைசலில் 10 கிராம் பெப்சின், 10 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். 1 கிராம் தசைக்கு 10 மி.லி. வீதம், 37 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு வடித்து, படியவிட்டு எண்ணுங்கள். கையுறை போடுங்கள். நன்னீர் மீனில் மனிதருக்குத் தொற்றும் இளம்புழுக்கள் இருக்கின்றன.

ஒவ்வொரு மீனுக்கும் இடையில் கத்தரி, இடுக்கி, தட்டு எல்லாவற்றையும் கழுவித் துடையுங்கள். முந்தைய மீனின் புழு இடுக்கி நுனியில் ஒட்டி அடுத்த இனத்தின் குறிப்பில் ஏறினால், இல்லாத பரவல் ஒன்று பிறந்துவிடும்.

படி 8: புழுவைப் பதப்படுத்துவது

எல்லாவற்றையும் ஒரே புட்டி ஆல்கஹாலில் போடுவது எளிது. பெயர் கண்டுபிடிக்க முடியாமல் போவதும் அதனால்தான்.

செவுள் தட்டைப்புழு: சிலவற்றைக் கொக்கி தெரியும்படி கிளிசரின் ஜெல்லியில் தகட்டில் பதியுங்கள். சிலவற்றை 96 சதவீத எத்தனாலில். உருளைப்புழு: சூடான 70 சதவீத எத்தனாலில் போட்டால் நீண்டு நேராகச் சாகும், குளிர்ந்ததில் போட்டால் சுருண்டு விறைக்கும். எத்தனால் தீப்பிடிக்கும், திறந்த தீயில் சூடாக்க வேண்டாம், வெந்நீர்த் தொட்டியில் வையுங்கள். முள்தலைப்புழு: வெறும் நீரில் குளிர்பெட்டியில் வையுங்கள், துதிக்கை முழுதும் வெளியே வரும்வரை. பிறகுதான் எத்தனால். துதிக்கை உள்ளே இழுத்த புழுவில் முள் வரிசையை எண்ண முடியாது. நாடாப்புழுவும் குடல் தட்டைப்புழுவும்: உப்புக்கரைசலில் அலசி, மிகக் குறைந்த நீரில் விட்டு, சூடான 4 சதவீத ஃபார்மால்டிஹைடைச் சட்டென்று ஊற்றுங்கள். ஆவி கண்ணைக் கெடுக்கும், புகைபோக்கிப் பெட்டிக்குள் செய்யுங்கள்.

டிஎன்ஏ வேண்டுமென்றால் உருளைப்புழுவின் நடு உடலில் ஒரு துண்டை மட்டும் எத்தனாலுக்கு அனுப்பி, தலையையும் வாலையும் உருவம் பார்க்க வையுங்கள். ஒரே புழுவின் உருவமும் டிஎன்ஏ வரிசையும் சேர்ந்து கிடைக்கும்.

குறிப்பில் ஒவ்வொரு புழுவுக்கும் எழுத வேண்டியவை: மீன் எண், உறுப்பு, எண்ணிக்கை, உயிருடனா செத்ததா, உறைக்குள் அடைபட்டதா, இளம்புழுவா முதிர்ந்ததா, முட்டை இருக்கிறதா. கடைசி மூன்றையும் விட்டுவிட்ட அட்டவணையை வைத்து கடைசிப் படியைச் செய்ய முடியாது.

படி 9: கணக்கு

மூன்று எண்கள் வேண்டும். 10 மீனில் புழுக்கள் 0, 0, 0, 0, 0, 0, 1, 2, 3, 34 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 40. நான்கு மீனில் தொற்று, ஆகவே தொற்று விகிதம் 40 சதவீதம். தொற்றிய மீன் ஒன்றுக்குச் சராசரி 10, இது தீவிரம். எல்லா மீனையும் சேர்த்தால் சராசரி 4, இது செறிவு. தீவிரத்தையும் செறிவையும் மாற்றி எழுதுவது அன்றாடம் நடக்கும் தவறு.

அந்த 34-ஐக் கவனியுங்கள். தீவிரம் 10 என்றாலும் பத்துப் புழு உள்ள மீன் ஒன்றுகூட இல்லை. தொற்றிய மீன்களின் இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு, 2.5 தான். ஒட்டுண்ணிகள் எப்போதும் இப்படித்தான் சில மீன்களில் குவிந்திருக்கும். ஆகவே சராசரியோடு இடைநிலையையும் எழுதுங்கள். சாதாரண டி-சோதனையை வைத்து இரண்டு இனங்களை ஒப்பிடாதீர்கள், மறுமாதிரி முறையில், அதாவது கையிலுள்ள எண்களிலிருந்தே பலமுறை குலுக்கி எடுத்து, நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) எடுங்கள்.

30 மீனில் 3-ல் புழு என்றால் 10 சதவீதம். அதன் 95 சதவீத இடைவெளி சுமார் 2 முதல் 27 வரை போகும். 30-ல் ஒன்றுமே இல்லையென்றாலும் உண்மையில் நூற்றில் 10 வரை இருந்திருக்கலாம். அயல்மீனில் இல்லை என்று எழுதுவதற்குப் பதில், 30 மீனில் காணவில்லை என்று எழுதுங்கள். மாதிரி கூடினால் ஒட்டுண்ணி இனங்களும் கூடும் என்பதால், 60 நாட்டு மீனையும் 20 அயல்மீனையும் வைத்து இன எண்ணிக்கையை நேராக ஒப்பிட முடியாது. நாட்டு மீனிலிருந்து 20-ஐக் குலுக்கி எடுத்து, பலமுறை எண்ணிச் சராசரி பாருங்கள்.

படி 10: முடிவுக்கு வருவது

ஒட்டுண்ணி அயல்மீனின் சொந்த இடத்திலும் உண்டு, நாட்டு மீனில் அயல்மீன் வருமுன் பதிவில்லை, இப்போது இரண்டிலும் முட்டையோடு இருக்கிறது என்றால் வழிந்து பரவல் என்று நினைக்கலாம். உறுதிக்கு டிஎன்ஏ வரிசை சொந்த இடத்துப் புழுவோடு பொருந்த வேண்டும். பழைய பதிவில் இல்லை என்பதற்குப் பழைய காலத்தில் யாரும் பார்க்கவில்லை என்றும் பொருள் உண்டு.

நாட்டு ஒட்டுண்ணி அயல்மீனில் இருக்கிறது, முட்டை நிறைந்த பெண்புழுக்கள் நாட்டு மீனில் உள்ள அளவுக்கோ அதிகமாகவோ இருக்கின்றன என்றால் திரும்பி வழிதலுக்கு வாய்ப்பு. ஒரு மீனில் உள்ள முட்டைப்புழு எண்ணிக்கையை நீர்நிலையில் அந்த மீன் எத்தனை என்பதோடு பெருக்கிப் பாருங்கள். மீனுக்கு ஒரே புழு வைத்துக்கொண்டு எண்ணிக்கையில் நாட்டு மீனைப் போல் இருபது மடங்கு பெருகிய அயல்மீன், மொத்த முட்டையில் முந்திவிடக்கூடும். அதே புழு அயல்மீனில் உறைபோட்டு, செத்து, முதிராமல் கிடந்தால் நீர்த்துப்போதல். உறைக்குள் உயிரோடு இருந்து, அந்த அயல்மீனைப் பெரிய மீன் தின்னும்போது அதற்குள் முதிரக்கூடிய புழுவாக இருந்தால் கதை மாறும். அதனால்தான் குறிப்பில் உயிருடனா என்ற கேள்வி இருக்கிறது.

நுண்ணோக்கியில் எதுவும் தெரியாத வகையும் உண்டு. ஸூடோராஸ்போரா பார்வா என்ற சிறு கெண்டை ஐரோப்பாவில் ஆரோக்கியமாகத் திரிந்துகொண்டே ஸ்பீரோதீகம் டெஸ்ட்ருயன்ஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியைச் சுமக்கிறது. அது இருந்த நீரில் வைத்த சன்பிளீக் என்ற நாட்டுச் சிறுமீன் முட்டையிடாமல் போனது, பெருமளவு செத்தது. இது 2005-ல் வெளிவந்தது. சுமக்கும் மீனை அறுத்தால் ஒன்றும் புலப்படாது, சிறுநீரகத் துண்டில் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்ய வேண்டும். நாட்டு மீன் காரணமில்லாமல் குறைகிறது, உங்கள் அட்டவணையோ சுத்தமாக இருக்கிறது என்றால், ஒவ்வொரு மீனிலும் எத்தனாலில் போட்டு வைத்த சிறுநீரகத் துண்டைத்தான் அடுத்து எடுக்க வேண்டும். படி 7-இல் சிறுநீரகத்தை அழுத்திப் பார்ப்பதற்கு முன்பே அரிசியளவு துண்டு ஒன்றைச் சுத்தமான கத்தியால் வெட்டித் தனிப்புட்டியில் போட்டிருக்க வேண்டும்.